கிளினிக் கொப்பியை மூடச் சொல்பவர் வைத்தியர் அல்ல



பத்தாம் திகதி சம்பளம் கைக்கு வந்தால் லயத்து வாசலுக்குக் கடன்காரரும் துணிக்காரரும் வருவது நமக்குப் பழக்கம். இப்போது அவர்களுக்குப் பின்னால் பொடி வியாபாரியும் வருகிறார். "புற்றுநோயா? ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டாம். இந்தப் பொடியைச் சாப்பிடுங்கள், வேரோடு போய்விடும்" என்கிறார். நோயாளியின் நகை அடகுக்குப் போகிறது. கட்டி அப்படியே வளர்கிறது.

நாட்டு வைத்தியத்தை நாம் பழிக்கவில்லை. சளிக்குக் கொத்தமல்லி அவித்துக் குடித்து வளர்ந்தவர்கள்தான் நாமும். அரசாங்கமே ஆயுர்வேத ஆஸ்பத்திரிகளை நடத்துகிறது. 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டப்படி பதிவு பெற்ற வைத்தியர்களும் இருக்கிறார்கள். வேலியோரம் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுத்த வின்கிறிஸ்டின் என்ற மருந்து, 1960களிலிருந்து பிள்ளைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு ஊசியாக ஏற்றப்படுகிறது. அதே இலையை வீட்டில் அரைத்துக் குடித்தால் அது மருந்தல்ல, நஞ்சு. செடியைச் சோதித்து, அளவு கண்டு, பலனை எண்ணிப் பார்த்ததால்தான் அது மருந்தானது.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு "சோதித்துப் பார்" என்றுதான் சொல்லிக்கொடுக்கிறோம். வியாபாரியிடமும் அதையே கேட்போம். பொடியில் என்ன இருக்கிறது? எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள்? அவர்களில் எத்தனை பேர் இன்று உயிரோடு இருக்கிறார்கள்?

"இன்னாருக்குக் குணமானதே" என்பார். குணமானவர் வந்து சாட்சி சொல்வார். செத்துப்போனவர் எப்படி வந்து சொல்வார்? குணமானவரும் பொடிக்கு முன் ஒப்பரேஷன் செய்துகொண்டவரா என்று விசாரியுங்கள். "கத்தி பட்டால் பரவும்" என்பதும் பொய். நாள் கடத்தினால்தான் பரவும். வெற்றிலையோடு பாக்கும் புகையிலையும் போடும் நமக்கு வாய்ப்புற்று பெரிய ஆபத்து. வாயில் வெள்ளைப் படையோ ஆறாத புண்ணோ மூன்று வாரத்துக்கு மேல் இருந்தால், மார்பில் கட்டி தட்டுப்பட்டால், உடனே காட்டுங்கள். ஆரம்பத்தில் பிடித்தால் குணமாக்குவது எளிது.

பொடியை வாங்கிய நோயாளியை நாம் ஏசப்போவதில்லை. மகரகம அபேக்‌ஷா ஆஸ்பத்திரியிலும் கண்டி, பதுளை பெரியாஸ்பத்திரிகளிலும் புற்றுநோய்ச் சிகிச்சை இலவசம். பஸ் காசு இலவசம் அல்ல. கிளினிக்குக்குப் போன நாளுக்குப் பேர் விழாது. விடியச்சாமத்தில் மலை இறங்கிப் போனால், அங்கே சொல்வது சிங்களத்தில். விளங்காமல் தலையை ஆட்டிவிட்டு வருகிறோம். 1987இலிருந்து தமிழும் அரசகரும மொழி என்கிறது அரசியலமைப்பு. கிளினிக் வரிசையில் அதைக் காணோமே! பொடி வியாபாரி வாசலுக்கே வருகிறார், தமிழில் பேசுகிறார், பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறார். தோட்ட நிர்வாகமும் அரசாங்கமும் நம்மைக் கைவிட்ட இடத்தில்தான் அவர் கடை விரிக்கிறார். அவரைத் துரத்தினால் மட்டும் போதாது, அந்த இடத்தையும் அடைக்க வேண்டும்.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை: கிளினிக் நாளுக்குச் சம்பளத்தோடு லீவு. நோயாளி போய்வரத் தோட்ட வாகனம். ஒவ்வொரு கிளினிக்கிலும் தமிழ் பேசும் உத்தியோகத்தர். தோட்டக் கமிட்டிகள் இவற்றை எழுத்தில் துரையிடம் கொடுக்க வேண்டும். கிடைக்கும்வரை சும்மா இருக்கவும் வேண்டாம். சிங்களம் தெரிந்த நம் பிள்ளைகளில் ஒருவர் நோயாளியோடு கூடப் போகட்டும். பஸ் காசுக்குக் கமிட்டி உண்டியல் எடுக்கட்டும்.

நோயோடு வாழும் தோழர்களே, மாரியம்மனுக்கு நேர்த்தி வையுங்கள், விபூதி பூசுங்கள், யாரும் தடுக்கவில்லை. கசாயம் குடித்தால் டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சில மூலிகைகள் ஊசிமருந்தோடு சேர்ந்து ஈரலைக் கெடுக்கும். யார் என்ன சொன்னாலும் அடுத்த கிளினிக் திகதியைத் தவறவிடாதீர்கள். கூட வர ஆள் இல்லையென்றால் உங்கள் தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள். நாம் வருகிறோம்.