பிள்ளைகளை வெளியே விடுங்கள்!

மாலை 5 மணி. பள்ளிக்கூடம் விட்டாயிற்று. பையன் வீட்டுக்கு வருகிறான். அவசரமாகக் காபியைக் குடிக்கிறான். டியூஷனுக்கு ஓடுகிறான். இரவு 8 மணிக்குத் திரும்புகிறான். செல்போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறான். பிறகு வீட்டுப்பாடம். பிறகு தூக்கம்.

அன்று முழுவதும் அவன் வானத்தைப் பார்த்தது எவ்வளவு நேரம்?

தெருவில் நடந்த பத்து நிமிடம். அவ்வளவுதான்!

"பையன் முன்னே மாதிரி இல்லை. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான்" என்று அம்மா வருத்தப்படுகிறாள். "வயசு அப்படி. போகப் போகச் சரியாகிவிடும்" என்கிறார் அப்பா.

பெண் பிள்ளையாக இருந்தால் எரிந்து விழுவதில்லை. மூலையில் போய் உட்கார்ந்து கொள்கிறாள். "எங்கள் பெண் ரொம்ப அமைதி" என்று வீட்டில் பெருமையாகச் சொல்லிக் கொள்கிறார்கள்.

அது அமைதியா, வாட்டமா என்று யாரும் பார்ப்பதில்லை.

7 பேரில் ஒருவர்

உலகத்தில் 10 வயது முதல் 19 வயது வரை உள்ளவர்களில் 7 பேரில் ஒருவருக்கு ஏதாவது ஒரு மனநலக் குறைபாடு இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஏழு பிள்ளைகள் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் அதில் ஒரு பிள்ளை!

தேர்வு முடிவு வரும் நாட்களில் மனம் உடைந்துபோன பிள்ளைகளைப் பற்றிய செய்திகளைப் படிக்கிறோம். "ஐயோ பாவம்" என்கிறோம். மறுநாளே நம் வீட்டுப் பிள்ளையை இன்னொரு டியூஷனில் சேர்க்கிறோம்.

பிள்ளையின் உடம்புக்குச் சோறு போடுகிறோம். அறிவுக்குப் படிப்பு கொடுக்கிறோம். மனசுக்கு என்ன கொடுக்கிறோம்?

மனசுக்கு வேண்டிய பொருள் கடையில் விற்பதில்லை. காற்று, வெளிச்சம், மரம், மண், தண்ணீர் என்று அது வீட்டுக்கு வெளியே கிடக்கிறது. காசு கொடுக்க வேண்டியதில்லை. பிள்ளையை வெளியே விட வேண்டும். அதற்குத்தான் பெற்றோருக்கு மனம் வருவதில்லை.

களைத்த மனசு

மரத்தடியில் உட்கார்ந்தால் மனசு எப்படி ஆறும்? நியாயமான கேள்விதான்.

மனிதனுடைய கவனம் இரண்டு வகை. ஒன்று, இழுத்துப் பிடித்து வைக்கும் கவனம். கணக்குப் போடும்போதும், பாடம் மனப்பாடம் செய்யும்போதும் அதுதான் வேலை செய்கிறது. உடம்பு களைப்பது போல அதுவும் களைத்துவிடும். களைத்தால் கோபம் வரும். சின்னச் சொல்லும் பெரிய சொல்லாகத் தெரியும்.

இன்னொன்று, தானாகப் போகும் கவனம். அலை வருகிறது, பார்க்கிறோம். அணில் ஓடுகிறது, பார்க்கிறோம். இதற்குப் பாடுபட வேண்டியதில்லை. இந்த நேரத்தில் அந்த முதல் கவனம் ஓய்வு எடுத்துக்கொள்கிறது.

அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் தம்பதி இதை விளக்கி 1989-ல் ஒரு புத்தகமே வெளியிட்டார்கள்.

"ஓய்வுதானே? செல்போன் பார்த்தால் போதாதா?" என்று பிள்ளைகள் கேட்கலாம். போதாது. செல்போன் கவனத்தை ஓயவிடாது. ஒன்று முடிவதற்குள் இன்னொன்றைக் காட்டும். அடுத்த வீட்டுப் பையன் வாங்கிய மார்க்கையும் அதுவேதான் காட்டும். வேப்பமரம் யாருடைய மார்க்கையும் கேட்பதில்லை.

வெளிநாட்டில் கண்டது

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே 38 பேரை வைத்து ஒரு சோதனை செய்து, 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். சிலரை மரமும் புல்லும் உள்ள இடத்தில் 90 நிமிடம் நடக்க விட்டார்கள். மற்றவர்களை வண்டிகள் ஓடும் சாலை ஓரமாக நடக்க விட்டார்கள்.

மரங்களுக்கு நடுவே நடந்தவர்களுக்கு, ஒரே கவலையைத் திரும்பத் திரும்ப மனசுக்குள் அரைத்துக்கொண்டிருப்பது குறைந்தது. சாலை ஓரம் நடந்தவர்களுக்கு அப்படிக் குறையவில்லை. நடை ஒன்றுதான். இடம்தான் வேறு!

டென்மார்க் நாட்டில் இதைவிடப் பெரிய ஆராய்ச்சி நடந்தது. 1985 முதல் 2003 வரை பிறந்த 9 லட்சத்துக்கும் அதிகமான பேருடைய விவரங்களை எடுத்தார்கள். சிறு வயதில் அவர்கள் வசித்த வீட்டைச் சுற்றி எவ்வளவு பசுமை இருந்தது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கிட்டார்கள். முடிவு 2019-ல் வெளிவந்தது. மிகக் குறைந்த பசுமையில் வளர்ந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மனநோய் வரும் வாய்ப்பு 55 சதவீதம் வரை அதிகமாக இருந்தது.

மரம் இருந்தால் நோயே வராது என்று இதற்கு அர்த்தம் அல்ல. ஏழ்மை, குடும்பத்தில் சண்டை, பரம்பரை என்று காரணங்கள் பல உண்டு. ஆனால் குடும்பத்தின் வருமானத்தையும், பெற்றோருக்கு இருந்த நோயையும் கணக்கில் சேர்த்த பிறகும் இந்த வித்தியாசம் மறையவில்லை. அதுதான் யோசிக்க வைக்கிறது.

ஆமையைத் தேடும் மாணவர்கள்

நம் ஊரிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது.

ஆண்டுதோறும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை சென்னைக் கடற்கரைக்குப் பங்குனி ஆமைகள் வருகின்றன. இரவில் கரை ஏறி, மணலில் குழி பறித்து முட்டை இடுகின்றன. ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேலும் இருக்கும். நாய் தின்றது போக மிஞ்சிய முட்டையில் குஞ்சு பொரித்தாலும், நகரத்து விளக்கு வெளிச்சம் அவற்றை ஏமாற்றிவிடும். கடல் பக்கம் போக வேண்டிய குஞ்சுகள் சாலைப் பக்கம் போய்ச் சாகும்.

இதைத் தடுக்கச் சென்னை மாணவர்கள் 1988-ல் ஒரு குழு அமைத்தார்கள். நீலாங்கரையில் தொடங்கிப் பெசன்ட் நகர் வரை இரவில் மணலில் நடப்பார்கள். ஆமையின் தடத்தைக் கண்டுபிடித்து, முட்டைகளைப் பத்திரமாக எடுத்து, வேலி போட்ட இடத்தில் புதைப்பார்கள். ஒன்றரை மாதம் கழித்துக் குஞ்சுகள் வெளியே வரும். அவற்றைக் கடலில் கொண்டு விடுவார்கள்.

இவர்களும் மாணவர்கள்தான். இவர்களுக்கும் தேர்வு உண்டு. ஆனால் அந்த இரவுகளில் முதல் ரேங்க் கிடையாது, கடைசி ரேங்க் கிடையாது. உள்ளங்கை அளவுகூட இல்லாத ஒரு உயிர் அலையில் இறங்கிப் போகிறது. "இது என்னால் பிழைத்தது" என்ற எண்ணம் ஒரு பிள்ளைக்கு வருமானால், அதைவிடப் பெரிய தைரியம் வேறு என்ன வேண்டும்?

சந்தோஷம் மட்டும்தானா? இல்லை. 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. ஆமைகளுக்காக நடக்கும் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய துக்கம்! ஆனாலும் மறுநாள் இரவு நடக்கத்தான் வேண்டும். தோல்வியைத் தாங்கும் பலம் இப்படித்தான் வருகிறது. புத்தகத்தில் படித்து வருவதில்லை.

"மார்க் குறையுமே!"

பெற்றோரின் பயம் இதுதான். வெளியே போனால் படிப்பு கெட்டுவிடும்!

ஸ்பெயின் நாட்டில் பார்சிலோனா என்ற நகரத்தில் 36 பள்ளிகளைச் சேர்ந்த 2,593 குழந்தைகளை ஓர் ஆண்டு கவனித்தார்கள். 2015-ல் முடிவு வந்தது. பள்ளியைச் சுற்றிப் பசுமை அதிகமாக இருந்த இடத்தில், குழந்தைகளின் ஞாபகத் திறன் வேகமாக வளர்ந்திருந்தது. கவனச் சிதறல் குறைந்திருந்தது.

மரம் படிப்பைக் கெடுக்கவில்லை!

தமிழ்ப் பாடத்தில் ஐந்திணை வருகிறது. மலைக்கு ஓர் உணர்வு, காட்டுக்கு ஓர் உணர்வு, கடலுக்கு ஓர் உணர்வு என்று வகுத்தவர்கள் நம் முன்னோர்கள். இடத்துக்கும் மனசுக்கும் உறவு உண்டு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் பிள்ளைகள் நெய்தலை இரண்டு மார்க்குக்காக மனப்பாடம் செய்கிறார்கள். கடற்கரையில் அரை மணி நேரம் சும்மா உட்கார அவர்களுக்கு அனுமதி இல்லை.

கிராமத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் குறை இல்லை என்று நினைக்க வேண்டாம். வேனில் ஏறி 20 கிலோமீட்டர் தள்ளி உள்ள பள்ளிக்குப் போய், இருட்டிய பிறகு திரும்பும் பிள்ளைக்கு, வாசலில் வயல் இருந்து என்ன பயன்?

பூட்டிய கதவு

பெண் பிள்ளைகளின் நிலைமை இன்னும் மோசம். வயசுக்கு வந்த நாளிலிருந்து விளையாட்டு நின்றுவிடுகிறது. தம்பி தெருவில் பந்து ஆடுகிறான். அக்கா ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள்.

"காலம் கெட்டுக் கிடக்கிறது. எப்படி அனுப்புவது?" என்கிறார்கள் பெற்றோர். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் கதவைப் பூட்டுவது பரிகாரம் அல்ல. அம்மாவும் கூடப் போகலாமே! நான்கு வீட்டுப் பெண்கள் சேர்ந்து நடக்கலாமே! அம்மாவின் மனசுக்கும் காற்று வேண்டும் அல்லவா?

என்ன செய்யலாம்?

இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் விசாரித்து, 2019-ல் ஒரு கணக்குச் சொன்னார்கள். வாரத்துக்கு 120 நிமிடமாவது பசுமையான இடத்திலோ கடற்கரையிலோ இருப்பவர்கள், அப்படி இல்லாதவர்களைவிட உடல்நலமும் மனநிறைவும் உள்ளவர்களாக இருந்தார்கள். ஒரே நாளில் இருந்தாலும் சரி, பல நாட்களில் பிரித்து இருந்தாலும் சரி.

120 நிமிடம் என்பது நாளுக்கு 18 நிமிடம்கூட ஆகாது. இதற்கு ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போக வேண்டியதில்லை. ஏரிக்கரை போதும். கோயில் குளத்துப் படிக்கட்டு போதும். மொட்டை மாடியில் நான்கு செடி வளர்த்தாலும் நல்லதுதான். வெயில் காலத்தில் மட்டும் காலையும் மாலையும் பார்த்து அனுப்புங்கள். அந்த நேரத்தில் பாடம் கேட்காதீர்கள். புத்திமதி சொல்லாதீர்கள். செல்போன் வீட்டிலேயே இருக்கட்டும்.

பள்ளிக்கூடங்களும் ஒன்று செய்ய வேண்டும். விளையாட்டுப் பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கும் பழக்கம் ஒழிய வேண்டும். வாங்கிய கடனை அவர் திருப்பிக் கொடுத்ததாகச் சரித்திரமே இல்லை!

நகராட்சிகளும் மாநகராட்சிகளும் பூங்காவுக்கு விளக்குப் போட வேண்டும், காவல் போட வேண்டும், கழிப்பறையைச் சுத்தமாக வைக்க வேண்டும். பூங்காவைத் திறந்து வைப்பதோடு கடமை முடிவதில்லை. பெண்கள் பயமில்லாமல் வந்து உட்கார்ந்தால்தான் அது பூங்கா.

ஒரு எச்சரிக்கை

மரமும் கடலும் மருத்துவருக்குப் பதில் ஆகிவிடாது. பல நாட்களாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, "நான் இருந்து என்ன பயன்" என்று பிள்ளை பேசுகிறது என்றால், உடனே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மத்திய அரசு 2022-ல் தொடங்கிய மனநல உதவி எண் 14416. இரவானாலும் பகலானாலும் பேசலாம். காசு கிடையாது. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மற்றப் பிள்ளைகளுக்கு இன்று மாலையே தொடங்கலாம். டியூஷன் இருந்தாலும் ஒரு நாள் போகாவிட்டால் குடி முழுகிவிடாது. டெலிவிஷனை நிறுத்துங்கள். செருப்பை மாட்டுங்கள். பிள்ளையைக் கூப்பிடுங்கள். முதலில் முணுமுணுப்பான். பாதி வழியில் தானாகவே பேச ஆரம்பிப்பான்.

அப்போது குறுக்கே பேசாமல் கேளுங்கள்.