நமக்கெல்லாம் வராதுண்ணா!

அடையாறு டெப்போ பக்கத்து டீக்கடை. காலேஜ் பசங்க நாலு பேர். ‘‘எச்.ஐ.வி. எப்படிப்பா பரவும்?’’னு கேட்டேன். பாதுகாப்பில்லாத உடலுறவு, ரத்தம், ஊசி, தாய்கிட்டேருந்து குழந்தைக்குனு மூச்சுவிடாம ஒப்பிச்சாங்க. ஃபுல் மார்க்!

‘‘சரி, யாராவது டெஸ்ட் எடுத்திருக்கீங்களா?’’

டீ கிளாஸ் பாதியில நின்னுது. ‘‘என்னண்ணா... நமக்கெல்லாம் வராது!’’

இந்த டயலாக் பழசு மக்களே. 1980-களில் ஊரே இதைத்தான் சொல்லுச்சு. வெளிநாட்டு வியாதி, நம்ம பண்பாட்டுக்கு எட்டிப் பார்க்காதுன்னு நம்புனாங்க. சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி நிர்மலா, பேராசிரியை சுனிதி சாலமன் சொன்னபடி பாலியல் தொழிலாளிகளின் ரத்தத்தைச் சேகரிச்சு, வீட்டு ஃப்ரிட்ஜில் வெச்சு, ராத்திரி ரயிலில் வேலூருக்குக் கொண்டுபோனார். 1986-ல் ஆறு பேருக்கு எச்.ஐ.வி. உறுதியாச்சு. இந்தியாவிலேயே முதன்முறையா, நம்ம சென்னையில! டெஸ்ட் பண்ணதால்தான் தெரிஞ்சுது.

பசங்க கிளம்பினதும் ஒருத்தன் மட்டும் பின்தங்கினான். ‘‘அண்ணா, அடுத்த வாரம் காலேஜ்ல ரத்ததான முகாம். ரத்தம் குடுத்தா அவங்களே டெஸ்ட் பண்ணிடுவாங்கல்ல? யாருக்கும் தெரியாம பார்த்துக்கலாமா?’’

வேணாம் தம்பி. கிருமி தொற்றின முதல் சில வாரம், அது டெஸ்ட்டில் சிக்காம போகலாம். ‘விண்டோ பீரியட்’னு பேர். ‘ஓகே’னு வந்த அந்த ரத்தம் ஆபரேஷன் டேபிளில் படுத்திருக்கிற யாரோ ஒரு அம்மாவுக்குப் போகும். உன் சந்தேகத்துக்கு அவங்க ஏன் விலை குடுக்கணும்?

பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் ஐ.சி.டி.சி. மையம் இருக்கு. கவுன்சலிங், டெஸ்ட் ரெண்டும் இலவசம். எப்ப எடுக்கணும், திரும்ப எடுக்கணுமான்னும் சொல்வாங்க. ரிசல்ட்டை ரகசியமா காக்கணும்னு 2017-ல் சட்டமே வந்திருக்கு. பாசிட்டிவ்னாலும் உலகம் முடிஞ்சிடாது. மருந்தும் இலவசம். ஒழுங்கா சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைஞ்சு, அப்படியே நீடிச்சா, உடலுறவு மூலம் அடுத்தவங்களுக்குப் பரவாது. சந்தேகம்னா 1097-க்கு இலவசமா போன் போடலாம்.

எல்லாம் கேட்டுட்டுத் தலையைக் குனிஞ்சான். ‘‘அங்க யாராவது பார்த்துட்டா?’’

‘‘நானும் வர்றேன். இந்த அண்ணனுக்குத்தான் டெஸ்ட்டு, துணைக்கு வந்தேன்னு சொல்லிடு.’’

மறுநாளே போனோம். ரெண்டு பேருமே எடுத்தோம்.

ரிசல்ட்டா? ரகசியம்னா ரகசியம்தான் பாஸ்!