கல்யாணம் பண்ணிப் பார்... வீட்டுக்கு மனுப் போட்டுப் பார்!



"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். முதலில் வீடு, அப்புறம் கல்யாணம். வரிசை என்னவோ சரிதான். ஆனால் வேடசந்தூர் பக்கம் நூல் மில்லில் ஷிப்ட் பார்க்கும் ஒரு பெண்ணும், அதே மில்லில் வேலை செய்யும் ஒரு பையனும் இந்த வரிசைப்படி வாழ முடியுமா? கல்யாணம்தான் முதலில் முடிகிறது. வீடு...? அதற்குத்தான் மனு!

அந்த மனு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியது நான் ஒருத்திதான். அதிலும் சிவில் டிப்ளமோ. "நீ வீடு கட்டத்தானே படிக்கிற, எங்களுக்கு ஒரு மனு எழுதிக் குடு" என்றாள் அக்கா. வீடு கட்டுவது லேசு, மனுப் போடுவதுதான் கஷ்டம் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

அக்காவுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம். மாமா வீடு ஓட்டுக்கூரை, ஒரே அறை. மாமனார், மாமியார், கொழுந்தன் எல்லோரும் அதற்குள்தான். நடுவில் பழைய சேலையைக் கட்டி மறைத்தால் அந்தப் பக்கம் புதுமணத் தம்பதி. அக்கா பகல் ஷிப்ட், மாமா நைட் ஷிப்ட். இடம் பற்றாத குறையைப் பாதி நாள் மில்லே தீர்த்து வைக்கிறது. சிரிப்பாகச் சொல்கிறேன், சிரிப்பு இல்லை.

மனுவோடு முதலில் கேட்டது குடும்ப அட்டை. சரி, புது அட்டைக்கு எழுதுவோம் என்று எங்கள் அட்டையிலிருந்து அக்கா பெயரையும், அவர்கள் அட்டையிலிருந்து மாமா பெயரையும் நீக்கி, இ-சேவை மையத்தில் பதிந்தோம். புது அட்டை வேண்டுமென்றால் தனியாகக் குடியிருந்து தனியாகச் சமைக்க வேண்டும். விசாரணைக்கு வந்தவர் கேட்டார்:

"தனியா சமைக்கிறீங்களாம்மா?"

"தனி அடுப்பு வைக்க எடம் ஏதுங்க சார்?"

"எடம் இல்லேன்னா தனிக்குடும்பம்னு எப்படிம்மா எழுதறது?"

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் கையில் இருந்த தாளில் அப்படித்தான் கேள்வி. ஆனால் யோசித்துப் பாருங்கள் நண்பர்களே! வீடு வேண்டுமென்றால் அட்டை வேண்டும். அட்டை வேண்டுமென்றால் அடுப்பு வேண்டும். அடுப்பு வைக்க வீடு வேண்டும்! நம் அப்ளைடு மெக்கானிக்ஸில்கூட இப்படிச் சுற்றிச் சுற்றி வரும் கணக்கு கிடையாது.

இத்தனைக்கும் சட்டப் புத்தகம் அக்கா பக்கம்தான். 2015-ல் வந்த நகர்ப்புறப் பிரதமர் வீட்டுவசதித் திட்ட விதியில், குடும்பம் என்றால் கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள் என்று எழுதியிருக்கிறது. அப்பா அம்மாவோடு ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் கல்யாணமானவர்கள் தனிக்குடும்பம் என்றுதானே இதற்கு அர்த்தம்? கிராமத்துத் திட்டம் 2016-ல் வந்தது. அதற்கு அடிப்படைப் பட்டியல் 2011-ல் எடுத்த சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பு. 2011-ல் எங்கள் அக்கா நாலாம் வகுப்பு, நான் பால்வாடி. அந்தப் பட்டியலில் அவள் ஒரு வீட்டின் குழந்தையாக இருப்பாளே தவிர, ஒரு குடும்பத்தின் தலைவியாக எப்படி இருக்க முடியும்? விட்டுப்போனவர்களைச் சேர்க்க 2018-ல் மறுபடி ஒரு கணக்கெடுப்பு தொடங்கினார்கள். அப்போதும் அவள் பள்ளிக்கூடம். கணக்கெடுப்புக்கும் கணக்கெடுப்புக்கும் நடுவில் கழுத்தில் தாலி ஏறியவர்கள் எல்லாம் எந்தக் கணக்கிலும் இல்லை.

என் கருத்து இதுதான். கல்யாணம் பதிவான தேதியே ஒரு தம்பதியின் வரிசை எண்ணாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணத்தையும் பதிவு செய்வது கட்டாயம். அரசாங்கமே முத்திரை குத்திக் கொடுத்த அந்தச் சான்றிதழைவிட அடுப்பு பெரிய சாட்சியா?

"இப்படி விட்டால் வீட்டுக்காகவே எல்லோரும் தனிக்குடித்தனம் போவார்கள்" என்று விடுதியில் ஒரு தோழி வாதாடினாள். போகட்டுமே! ஒரே அறையில் இரண்டு குடும்பம் முட்டி மோதிக்கொண்டு கிடந்தால் அதற்குப் பெயர் கூட்டுக்குடும்பமா?

நம் பகுதியிலிருந்து சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போன அண்ணன்கள் எத்தனையோ பேர். அவர்கள் சாரம் கட்டி ஏறும் அடுக்குமாடிகளில் பெரும்பகுதி அந்த அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டுவது. அந்தக் கழகம் 1960-ல் தொடங்கியது. அங்கே நிச்சயம் செய்துகொண்ட ஜோடிகூட, கல்யாணத்துக்கு முன்பே, இரண்டு பேராகச் சேர்ந்து வீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். சாவி வாங்கிய பிறகு மூன்று மாதத்துக்குள் திருமணச் சான்றிதழைக் காட்டினால் போதும். நம் பழமொழியை அவர்கள்தான் அப்படியே கடைப்பிடிக்கிறார்கள் போலிருக்கிறது! (அந்த வீட்டுக்கு நம் அண்ணன்கள் மனுப் போட முடியாது. அது அந்த நாட்டுக் குடிமக்களுக்கு. செங்கல் மட்டும் நம்முடையது.)

இனி பெயர் விஷயம். மனுவில் யார் பெயர்? மாமா வீட்டுப் பெரியவர் ஒருவர், "பையன் பேர்ல போடும்மா, அதுதான் வழக்கம்" என்றார். வழக்கமாக இருக்கலாம், விதி அதுவல்ல. 1985-ல் தொடங்கிய இந்திரா குடியிருப்புத் திட்டத்தின் வழிமுறையே, வீட்டைப் பெண் பெயரில் கொடு, அல்லது இருவர் பெயரிலும் கொடு என்றது. இப்போதைய கிராமப்புறத் திட்டமும் கணவன் மனைவி இருவர் பெயரும் சேர வேண்டும் என்கிறது, விதவை, மணமாகாதவர், பிரிந்து வாழ்பவர் தவிர. அக்காவின் சம்பளமும் அந்தச் சுவரில்தானே போகப் போகிறது? நாளைக்கு ஒரு மனஸ்தாபம் வந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடுராத்திரி பஸ் ஏறுவது யார்? என் வகுப்புப் பையன்கள் இதைப் படித்துவிட்டுக் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

மனையும் ஒரு வில்லங்கம். இடம் மாமனார் பெயரில், அண்ணன் தம்பிகளுக்குப் பிரிக்காத கூட்டுப்பட்டா. பிரித்துக் கொடுத்தால்தான் மனு நகரும். சொந்த சாதியில் பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணத்துக்கே இந்த நிலை. சாதி மாறிக் கட்டிக்கொண்டு வீட்டை விட்டு வந்தவர்களுக்கு எந்த மாமனார் இரண்டு சென்ட் எழுதிக் கொடுப்பார்? 1998-ல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் சமத்துவபுரம் திறந்தார்கள். 100 வீட்டில் தாழ்த்தப்பட்டோருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. நல்ல திட்டம், ஒரே தெருவில் எல்லோரும். ஆனாலும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. 40-ல் ஒருத்தியும் 25-ல் ஒருவனும் கல்யாணம் செய்துகொண்டால் அவர்கள் எந்தக் கணக்கில் வருவார்கள்? மனையில்லாத தம்பதிக்கு முதலில் மனைப்பட்டா, அதுவும் இருவர் பெயரில் என்று ஒரு தனி வரிசை வைத்தால் என்ன?

கடைசியாக நம்ம சப்ஜெக்ட். 2024-ல் அறிவித்த கலைஞர் கனவு இல்லத்தில் வீடு 360 சதுர அடி. அதில் 300 கான்கிரீட் கூரை, மீதி 60 தீப்பிடிக்காத வேறு கூரை. தொகை மூன்றரை லட்சம். வகுத்துப் பாருங்கள், சதுர அடிக்கு 972 ரூபாய். நம் எஸ்டிமேட்டிங் வகுப்பில் இந்த ரேட்டைச் சொன்னால் சார் சிரிப்பார். மில் லீவில் அக்காவும் மாமாவுமே மண் சுமந்தால்தான் ஒப்பேறும். பணமும் அஸ்திவாரம், லிண்டல், கூரை என்று வேலை ஏற ஏறத்தான் வரும். ஆகவே முதல் தவணைக்கு முன்னால் கையில் கொஞ்சம் இருக்க வேண்டும். அக்கா சீட்டு எடுத்து வைத்திருக்கிறாள்.

ஒரு திங்கட்கிழமை மூவரும் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளுக்குப் போய், தனி அட்டைக்கும் வீட்டுக்குமாகச் சேர்த்து ஒரு மனுக் கொடுத்தோம். பயனாளி என்ற இடத்தில் முதலில் அக்கா பெயர், பக்கத்தில் மாமா பெயர், கீழே திருமணப் பதிவு எண். வாங்கியவர் முத்திரை குத்தி ரசீது கொடுத்தார். அதை அக்கா சேலை மறைப்பில் ஊக்கு போட்டு மாட்டி வைத்திருக்கிறாள். வருகிற அக்டோபர் 2-ல் கிராம சபை. பட்டியலை அங்கே வாசிக்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன். காந்தி ஜெயந்தி, காலேஜும் லீவுதான். உங்கள் ஊரிலும் அன்றைக்கே நடக்கும்.