ஞாயித்துக்கிழமை எங்கடா போன?

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். ஜெர்மனியில் பான் நகரத்தில் எம்.எஸ்சி. படிக்கிற அவள் மகன் வீடியோவில் வந்தான். 'இன்னிக்கு எங்கடா போன?' என்று கேட்டாள் அக்கா. 'எங்கயும் போலம்மா, லைப்ரரியிலதான் இருந்தேன்' என்றான். அக்காவுக்குச் சந்தோஷம். போனை என் கையில் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்க உள்ளே போனாள். அவள் நகர்ந்ததும் பயல் குரலைத் தாழ்த்தினான்: 'மாமா, ட்ரியர் போயிருந்தேன். மார்க்ஸ் பொறந்த வூடு. அம்மாகிட்ட சொல்லிடாத மாமா.'

மார்க்ஸ் பிறந்த வீட்டைப் பார்த்துவிட்டு வந்ததை ஒருத்தன் பெத்த தாயிடம் மறைக்கிறான். திருடினானா, குடிச்சிட்டுக் கிடந்தானா? எதற்கு இந்தப் பொய்? ஒரு வாரமாக இது என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது.

அவனைப் பொய் சொல்ல வைப்பவர்கள் நாம்தான். போன வருஷம் வாசிப்பு வட்டத்தில் ஒரு தோழர் எல்லோர் முன்னாலும் சொன்னார்: 'அம்பேத்கர் லண்டன்ல பட்டினி கெடந்து படிச்சாரு. இவனுங்க கோபுரத்து முன்னாடி நின்னு போட்டோ போடறானுங்க.' கைதட்டினோம். நானும் தட்டினேன். இப்போது அந்தக் கைதட்டலைத் திரும்ப எடுத்துக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் காசுக் கணக்கைப் பேசிவிடுவோம். நான் வங்கிக் கிளார்க். கல்விக்கடன் மேசையில் சில வருஷம் இருந்தவன். ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் படிப்புக்குக் கட்டணம் இல்லை. 'அப்ப ஓசிதானே' என்பார்கள். ஓசி இல்லை. விசா கேட்கும்போதே ஒரு வருஷத்துச் சாப்பாட்டுக்கும் வாடகைக்குமான பணத்தை முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அது 11,904 யூரோ. நம்ம காசுக்குச் சுமார் 12 லட்சம். அங்கே போன பிறகு மாசம் 992 யூரோ மட்டும்தான் எடுக்கலாம். இங்கே வங்கி என்ன சொல்லும்? 4 லட்சம் வரை ஈடு வேண்டாம், ஏழரை லட்சத்தைத் தாண்டினால் சொத்தை எழுதிக் கொடு. நம்ம ஜனம் காலனி வீட்டுப் பட்டாவைப் பிளாஸ்டிக் கவரில் சுத்திக் கொண்டுவந்து நீட்டும். இலவச மனைப்பட்டா, நிபந்தனைக்குட்பட்டது, அடமானத்துக்கு ஏற்றதல்ல என்று வக்கீல் எழுதி அனுப்பிவிடுவார். எத்தனை கவர்களைத் திருப்பிக் கொடுத்த கை இது.

அரசு உதவித்தொகை இல்லையா என்று கேட்கலாம். ஒன்றிய அரசின் அயல்நாட்டு உதவித்தொகை இந்தியா முழுமைக்கும் வருஷத்துக்கு 125 பேருக்கு. அதில் பட்டியல் சாதியினருக்கு 115. மீதிப் பேர் கடனில்தான் போகணும். எங்கள் பயலுக்கு டவுனில் டீச்சராக இருக்கிற அவன் அத்தை வீட்டுப் பத்திரத்தைக் கொடுத்தது. சித்தப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டார். அம்மாவின் தாலிக்கொடி கூட்டுறவு சங்கத்தில் இருக்கு. ஆக அவன் தனியாளாகப் போகவில்லை. ஒரு தெருவையே தலையில் தூக்கிக்கொண்டு விமானம் ஏறினான். அத்தனை பேருக்கும் வட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது 'ஊர் சுத்திப் பாத்தேன்' என்று எப்படிச் சொல்லுவான்? அந்தப் பொய்யின் வேர் இந்தக் கடன் பத்திரத்தில் இருக்கிறது.

இனி அவன் வாரத்தைப் பாருங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை வகுப்பு, ஆய்வகம். வெள்ளி ராத்திரியும் சனிக்கிழமையும் ஒரு உணவகத்தின் பின்கட்டில் தட்டு கழுவுகிறான். அயல்நாட்டு மாணவர்கள் வருஷத்துக்கு 140 முழு நாள் வேலை செய்யலாம் என்று 2024 மார்ச்சில் சட்டத்தைத் தளர்த்தினார்கள். கூலி மணிக்கு 13.90 யூரோவுக்குக் குறையக்கூடாது, இது 2026 ஜனவரிக் கணக்கு. மிச்சம் இருப்பது ஞாயிறு. அங்கே ஞாயிற்றுக்கிழமை கடைகண்ணி அடைப்பு. சும்மா பழக்கம் இல்லை. ஞாயிறு ஓய்வுநாள் என்று 1919-ல் வைமார் அரசியல் சட்டத்தில் எழுதினார்கள், 1949-ல் இப்போதைய அடிப்படைச் சட்டத்திலும் அதைச் சேர்த்துக்கொண்டார்கள்.

ட்ரியர் போய்வர என்ன செலவு? ஆறு மாசத்துக்கு ஒருமுறை பல்கலைக்கழகத்துக்குக் கட்டுகிற தொகைக்குள்ளேயே பயணச்சீட்டு அடங்கியிருக்கிறது. விரைவு ரயில்களில் செல்லாது. மற்றபடி நாடு முழுக்க ஊர்ப்புற ரயில், பஸ், டிராம் எதில் வேண்டுமானாலும் ஏறலாம். பொதுஜனத்துக்கு 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்த இந்தச் சீட்டு 2026-ல் 63 யூரோ ஆகிவிட்டது. மாணவர்களுக்கு அதில் 60 சதவீதம்தான். விடிகாலை எழுந்து நாலு சப்பாத்தி, தக்காளித் தொக்கு, தண்ணி பாட்டில் எடுத்துக்கொண்டு ரைன் ஆற்றங்கரையோடு கோப்ளென்ஸ், அங்கே வண்டி மாறி மோசல் ஆற்றங்கரையோடு ட்ரியர். கூடுதல் செலவு ஒரு காபி. இதைத்தான் நாம் 'ஊதாரித்தனம்' என்கிறோம்.

சரி, காசை விடுங்கள். அம்பேத்கரைச் சொல்லி அவன் வாயை அடைக்கிறோமே, அதுக்கு வருகிறேன்.

பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913-ல் நியூயார்க் போனார். மூன்று வருஷக் கெடு. கெடுவுக்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவும் படித்தார். லண்டன் படிப்பைப் பாதியில் விட்டு 1917-ல் திரும்ப வேண்டியிருந்தது. காசு சேர்த்து, கடன் வாங்கி 1920-ல் மறுபடி போனார். நூலகமே கதி என்று கிடந்தார், அரைவயிறு சாப்பிட்டார். 1922-ல் எங்கள் பயல் இருக்கும் அதே பான் பல்கலைக்கழகத்திலும் பதிவு செய்து கொஞ்ச காலம் இருந்தார். எல்லாம் உண்மை. ஆனால் அந்தப் பட்டினி காசில்லாமல் வந்த பட்டினி. அவருக்கு நேர்ந்த கொடுமையை எடுத்து அவர் பிள்ளைகளுக்கு விரதமாக விதிப்பது எந்த ஊர் நியாயம்?

'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று அவர் எழுதிய சிறு நூலை எடுத்துப் படியுங்கள். மேல்நாட்டில் இருந்த வருஷங்கள், தான் தீண்டத்தகாதவன் என்கிற நினைப்பையே தன் மனசிலிருந்து துடைத்துப் போட்டுவிட்டதாக அதில் சொல்கிறார். எது துடைத்தது? பொருளாதாரப் புத்தகமா? புத்தகம் இங்கேயும் இருந்தது. தெருவில் நடந்ததும், ரயிலில் பக்கத்தில் ஆள் உட்கார்ந்ததும், கடையில் எல்லாருக்கும் வைக்கிற கோப்பையையே இவருக்கும் வைத்ததும்தான் துடைத்தது என்று நான் சொல்வேன். அப்படித் துடைத்துக்கொண்டு வந்தவருக்குப் பரோடாவில் தங்க இடம் இல்லை. பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். தடி தூக்கிய கூட்டம் வந்து அங்கிருந்தும் துரத்தியது.

அதே நூலில் இன்னொன்று. 1934-ல் ஏறக்குறைய முப்பது தோழர்களோடு எல்லோராவும் தௌலதாபாத் கோட்டையும் பார்க்கச் சுற்றுலா போகிறார். கவனியுங்கள், சுற்றுலா! கோட்டை வாசலில் குளத்துத் தண்ணியில் புழுதி முகத்தைக் கழுவினார்கள். தீட்டுப்படுத்திட்டாங்க என்று ஒரு கிழவர் கத்த, கூட்டம் கூடிவிட்டது. உள்ளே எங்கேயும் தண்ணியைத் தொடாமல் பார்த்துக்கொள்ள ஒரு சிப்பாயைக் கூட அனுப்பித்தான் கோட்டையைப் பார்க்க விட்டார்கள். பட்டினி கிடந்து படித்த அதே மனிதர் தோழர்களைக் கூட்டிக்கொண்டு ஊர் பார்க்கவும் போனார். இதை ஏன் நாம் கூட்டங்களில் சொல்வதில்லை?

நம்ம ஜனம் ஊர் தாண்டாத ஜனமா? கண்டி, மலாயா, ரங்கூன், பிஜி, மொரீசியஸ் என்று கடலை நம்மைவிட அதிகம் கடந்தவர் யார்? 1860-ல் ட்ரூரோ என்ற கப்பல் மதராசிலிருந்து நேட்டாலுக்குக் கரும்புக் காட்டுக்கு ஆள் ஏற்றிப் போனது. எல்லாம் கூலியாக. மூட்டை தூக்கப் போனோம், ரப்பர் பால் வெட்டப் போனோம், தேயிலை கிள்ளப் போனோம். சும்மா பார்க்கப் போனதில்லை. கையை வீசிக்கொண்டு ஒரு ஊருக்குள் நுழைந்து, நின்று, அண்ணாந்து பார்த்து, யாரும் 'யார்ரா நீ, எந்தத் தெரு?' என்று கேட்காமல் திரும்பி வருகிற சுகம் நமக்கு எழுதப்படவில்லை. எங்கள் விழுப்புரம் மாவட்டத்தில் மேல்பாதி கோயிலுக்குள் போனதற்காக 2023-ல் நம்ம ஆட்கள் அடிபட்டார்கள். கடைசியில் அதிகாரிகள் கோயிலையே பூட்டிச் சீல் வைத்தார்கள். அந்த மாவட்டத்துப் பிள்ளை இன்றைக்கு ஷெங்கன் ஒப்பந்தத்தில் இருக்கிற 29 நாட்டுக்குள்ளும் போய்வரலாம். ஆறு மாசத்துக்கு 90 நாள் வரை தனி விசா வேண்டாம். பட்டத்தைப் போலவே இதுவும் படிப்பு. உடம்பு கற்றுக்கொள்கிற படிப்பு.

இந்த ஞாயிறும் யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை. பம்பாய் மில் தொழிலாளிக்கு வாரம் ஒருநாள் ஓய்வு வேண்டும் என்று 1884-லிருந்து கேட்டவர் நாராயண் மேகாஜி லோகாண்டே. ஜோதிராவ் பூலேவின் சத்தியசோதக் இயக்கத்துக்காரர். 1890-ல்தான் முதலாளிகள் இறங்கி வந்தார்கள். பூலேவின் தோழர் வாங்கிக் கொடுத்த நாளில் நம்ம பிள்ளை வெளியே போனால் நமக்கே குத்துகிறது என்றால் கோளாறு நம்மிடம்தான்.

அங்கே எல்லாம் தேனும் பாலும் என்று நான் சொல்லவில்லை. சாதி பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டு கூடவே போயிருக்கிறது. முதல் வருஷம் நம்மூர்ப் பசங்க அஞ்சு பேர் கார் எடுத்து ஆம்ஸ்டர்டாம் போகத் திட்டம் போட்டார்கள், இவனும் ஒருத்தன். 'நீ எந்தப் பக்கம்? அப்பா என்ன பண்றாரு? அந்த ஊர்ல எந்தத் தெரு?' என்று ஒருத்தன் நூல் பிடித்தான். இவன் மறைக்கவில்லை. அடுத்த வாரம் 'கார்ல எடம் இல்ல மச்சி' என்று செய்தி வந்தது. நாலு பேராகப் போனார்கள். ஜெர்மனியின் 2006-ஆம் வருஷச் சமத்துவச் சட்டத்தில் இனம், மதம், பால் எல்லாம் இருக்கிறது, சாதி என்ற சொல் இல்லை. அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2023-ல் அந்தச் சொல்லைச் சட்டத்தில் சேர்த்தது. வெளிநாட்டில் இருக்கிற நம் மாணவர்கள் வார இறுதியில் கூடிப் பேச வேண்டிய விஷயங்களில் இதுவும் ஒன்று.

அதற்குப் பிறகுதான் இவன் தனியாகப் போக ஆரம்பித்தான். கொலோனில் நடைபாதையில் பத்து சென்டிமீட்டர் சதுரத்தில் பித்தளைக் கற்கள் பதித்திருக்கிறார்களாம். நாஜிகள் கொண்டுபோன யூதர், ரோமா மக்கள், இன்னும் பலர் கடைசியாக வாழ்ந்த வீட்டு வாசலில் அவர்கள் பெயர், பிறந்த வருஷம், எங்கே கொண்டுபோனார்கள் என்பதோடு. குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் ஆரம்பித்த வேலை. 2023-ல் ஒரு லட்சமாவது கல்லைப் பதித்தார்கள். 'குனிஞ்சாதான் படிக்க முடியும் மாமா' என்றான். வெண்மணியில் 1968-ல் எரித்துக் கொன்ற 44 பேரின் பெயரை எந்த நெடுஞ்சாலையில் குனிந்து படிக்கிறோம் நாம்? இந்தக் கேள்வியோடு ஒருத்தன் ஊர் திரும்பினால் அது இயக்கத்துக்கு வரவா, செலவா? ட்ரியரிலும் அவன் சும்மா படம் எடுத்துவிட்டு வரவில்லை. மார்க்ஸின் அப்பா யூதராக இருந்தால் வக்கீல் தொழில் பார்க்க முடியாது என்பதால் கிறிஸ்தவரானவர் என்று சொன்னான். பிறப்பைச் சொல்லித் தொழிலை மறுத்த கதை நமக்குப் புதுசா?

ஊர் சுத்தியே கெட்டவனும் உண்டு. தேர்வில் கோட்டைவிட்டு, விசா முடிந்து, கடனோடு திரும்பிய பிள்ளையையும் கவுண்டரில் பார்த்திருக்கிறேன். படிப்பு கெடாமல் போகணும், சனிக்கிழமை கூலியில் கொஞ்சம் கடனுக்கும் ஒதுக்கணும். இதை அவனிடமே கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஊதாரியைத் திருத்துகிற சாக்கில் எல்லாப் பிள்ளையையும் நூலகத்துக்குள் பூட்டாதீர்கள். வசதியான வீட்டுப் பையன் பாரிஸ் போனால் 'உலகம் பாத்தவன்', நம்ம பிள்ளை போனால் 'ஊர் சுத்தி'. இந்த ரெட்டை டம்ளரை நாமே கழுவி வைக்க வேண்டாம்.

போகிற பிள்ளைகளுக்கு ஒன்று. போங்கள். பார்த்ததை எழுதுங்கள். இந்தப் பத்திரிகைக்கே எழுதுங்கள். அடுத்து வருகிறவனுக்கு எந்த ரயில், எந்த வேலை, எந்தக் கூட்டத்தில் உஷாராக இருக்கணும் என்று சொல்லிக் கொடுங்கள். முக்கியமாக, வீட்டில் பொய் சொல்லாதீர்கள்.

போன ஞாயிறு அக்காவிடம் நானே விஷயத்தைப் போட்டு உடைத்தேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. 'மார்க்ஸுன்னா அந்தத் தாடிக்காரரா, நம்ம சங்கத்துல படம் மாட்டியிருக்குமே?' என்றாள். ஆமாம் என்றேன். ராத்திரி அவன் வீடியோவில் வந்ததும் போனைப் பிடுங்கினாள். 'அங்க போயி எதனா சாப்புட்டியாடா?' அவன் விழித்தான். 'சரி, அடுத்த வாரம் எங்க போற?'

தோழர்களே, நாமும் இனி அப்படிக் கேட்போம்.