பிரசவம் பார்க்கிறவருக்குப் பேறுகாலம் கிடையாதா?

(2024ஆம் ஆண்டின் நடுவில் எழுதிய கடிதம்)

போன செவ்வாய்க்கிழமை இரவு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் என் மகளுக்குச் சுகப்பிரசவம். பெண் குழந்தை. கற்கண்டு கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டியவனை இந்தக் கடிதம் எழுத வைத்தவர் பிரசவம் பார்த்த சிஸ்டர்.

அவருக்கே ஏழு மாதம். ராத்திரி டூட்டியில் அவரும் ஒரு ஆயாவும்தான். மகள் வலியில் கத்தும்போதெல்லாம் ஒரு கையால் தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டே ஓடி வந்தார். விடியற்காலை நாலரைக்குக் குழந்தையைத் துடைத்து, எடை போட்டு, துணியில் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டு, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். வீங்கிய காலில் வார் அழுந்திய தடம் சிவப்பாகத் தெரிந்தது. "நீங்க எப்ப சிஸ்டர் லீவுல போவீங்க?" என்று கேட்டேன். "லீவு தருவாங்க சார், சம்பளம் தரமாட்டாங்க. முடிஞ்சவரைக்கும் ஓட்டணும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் அன்று முழுக்கத் தையல் மெஷினில் கால் ஓடவில்லை.

காலையில் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிக்கு ஆதாரும் பாஸ்புக் நகலும் சரியா என்று பார்த்துக் கொடுத்தவரும் அவரே. பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக அந்த உதவி மொத்தம் 18,000 ரூபாய். ஒப்பந்தச் செவிலியரான அவருடைய மாதத் தொகுப்பூதியமும் அதே 18,000தான். பிள்ளை பெற்றால் அதுவும் நின்றுவிடும். அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் பேறுகால விடுப்பு 12 மாதம். என் அக்கா மகள் அரசுப் பள்ளி ஆசிரியை. முழுச் சம்பளத்தோடு வீட்டில் இருக்கிறாள். நியாயம்தான், இருக்கட்டும். சிஸ்டர் வயிற்றில் இருப்பது மட்டும் ஒப்பந்தப் பிள்ளையா?

"கையெழுத்துப் போட்டுத்தானே சேர்ந்தார்கள்" என்பார்கள். அடகுக்கடைச் சீட்டிலும்தான் கையெழுத்து இருக்கிறது. "காலியிடம் வரட்டும், நிரந்தரம் செய்வோம்" என்பார்கள். காலியிடம் இல்லையென்றால் ஏழு மாதக்காரி ராத்திரியில் ஒற்றைச் செவிலியராக ஏன் ஓடுகிறார்?

இந்த ஒப்பந்தச் செவிலியர்கள் பின்வாசல் வழியாக வந்தவர்கள் இல்லை. 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் பரீட்சை வைத்து எடுத்த ஆட்கள். மாதம் 7,700 ரூபாய், இரண்டு வருடத்தில் காலமுறை ஊதியம் என்பது பேச்சு. 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டையில் சுகாதாரத் துறை அலுவலகங்கள் உள்ள டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் போராட்டத்தில் உட்கார்ந்த பிறகுதான் சம்பளம் ஏறியது. அதே வருடம் எம்.எல்.ஏ.க்களின் சம்பளம் 55,000த்திலிருந்து 1,05,000 ஆனது. அதற்காக எந்த எம்.எல்.ஏ.வும் தரையில் உட்கார்ந்ததாக நினைவில்லை. 2021 தேர்தலில் அப்போதைய எதிர்க்கட்சி இவர்களை நிரந்தரம் செய்வதாக வாக்குக் கொடுத்து வென்றது. 2024இல் பாதி போய்விட்டது. கொஞ்சம் பேரை நிரந்தரம் செய்துவிட்டு மற்றவர்களைக் காத்திருக்கச் சொல்கிறார்கள். கொரோனாவில் கவச உடைக்குள் வெந்த 2,000க்கும் மேற்பட்ட செவிலியர்களை 2022 டிசம்பர் 31 அன்று வீட்டுக்கு அனுப்பியதும் இந்த ஆட்சிதான். நல்ல புத்தாண்டுப் பரிசு!

டெல்லி மட்டும் ஒழுங்கா? உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனைகூடச் செவிலியருக்கு 20,000க்குக் குறையாமல் தரவேண்டும் என்று 2016இலேயே பரிந்துரைத்தது. அதை மாநிலங்களுக்கு அனுப்பிவிட்டு டெல்லி கையைத் துடைத்துக்கொண்டது. எட்டு வருடம் கழித்து இங்கே அரசாங்கமே 18,000 தருகிறது என்றால், தெருமுனை நர்சிங் ஹோம்காரனை யார் கேட்பது? 2020 மே 3 அன்று ஆஸ்பத்திரிகள் மேல் ஹெலிகாப்டரில் பூ தூவினார்கள். அந்தப் பூவை வைத்து உலையா வைக்க முடியும்?

சிஸ்டர் பெயரையும் ஊரையும் வேண்டுமென்றேதான் எழுதவில்லை. எழுதினால் அவருக்கு மெமோதான் வரும். சுகாதாரத் துறை செய்ய வேண்டியது ஒரே ஒரு அரசாணை: ஒப்பந்தச் செவிலியருக்கும் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு. நிரந்தரத்தைப் பிறகு பேசலாம்.

நேற்று பேத்தியின் தொப்புள்கொடியைக் காட்டப் போயிருந்தோம். சிஸ்டருக்கு இந்த வாரமும் ராத்திரி டூட்டிதானாம்.

– தையற்கடைக்காரர் ஒருவர்,
திருவண்ணாமலை மாவட்டம்.