விழாவுக்கு நிதி, கலைஞருக்குக் கடன்

தென் கொல்கத்தாவின் டாலிகஞ்ச், திரைப்பட ஸ்டுடியோக்களால் பெயர் பெற்ற பகுதி. 1930-களில் தமிழ்ப் பேசும் படங்கள் சிலவும் கல்கத்தா ஸ்டுடியோக்களில்தான் எடுக்கப்பட்டன. ஆனால், துர்கா பூஜை நாள்களில் இப்பக்கம் திரளும் கூட்டம் படப்பிடிப்பைக் காண வருவதில்லை. டாலிகஞ்சை அடுத்துள்ள ஹரிதேவ்பூர், நாக்தலா பகுதிகளின் பந்தல்களைக் காணவே வருகிறது. மூங்கிலும் துணியும் களிமண்ணும் கொண்டு ஒரு தெருவையே கலைக்கூடமாக மாற்றிவிடும் பந்தல்கள் அவை. அவற்றில் பலவற்றை வடிவமைப்பவர்கள் ஓவியக் கல்லூரிகளில் பயின்ற கலைஞர்கள்.

வீடு வீடாகச் சந்தா திரட்டி நடத்தப்பட்ட பூஜை, இன்று பெரும்பாலும் விளம்பரதாரர்களின் பணத்தில் நடக்கிறது. 1985-இல் பெயின்ட் நிறுவனமொன்று சிறந்த பூஜைகளுக்குப் பரிசளிக்கத் தொடங்கியது முதல் இந்த மாற்றம் வேகம் பெற்றது. மாநில அரசும் 2018-இல் ஒவ்வொரு குழுவுக்கும் ரூ. 10 ஆயிரம் வழங்கத் தொடங்கி, 2025-இல் அதை ரூ. 1.10 லட்சமாக உயர்த்தியது. 2021 டிசம்பரில் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் கொல்கத்தா துர்கா பூஜை இடம்பெற்றது. இத்தனை பணமும் புகழும் சேர்ந்த விழாவில் கலைஞரின் பங்கு எவ்வளவு?

பிரிட்டிஷ் கவுன்சிலுக்காக நடத்தப்பட்டு 2021-இல் வெளியான ஆய்வு இதற்கு விடை தருகிறது. 2019-ஆம் ஆண்டு பூஜையையொட்டிய படைப்புத் தொழில்களின் மதிப்பு ரூ. 32,377 கோடி. அதில் சில்லறை வணிகம் மட்டும் ரூ. 27,364 கோடி. சிலை வடிப்பதற்குக் கிடைத்ததோ ரூ. 260 முதல் 280 கோடி வரை. நூறு ரூபாயில் ஒரு ரூபாய்கூட இல்லை! கூட்டத்தை வரவழைப்பது சிலையும் பந்தலும். கல்லாப்பெட்டி நிறைவது துணிக்கடையில்.

தொகை குறைவு என்பதைவிட, அது வந்து சேரும் முறையே பெரிய இடர். மூலப்பொருள், கூலி, போக்குவரத்து அனைத்தையும் சேர்த்து மொத்தமாக ஒரு தொகைக்கு ஒப்புக்கொள்ளும் கலைஞர், பல மாதங்களுக்கு முன்பே வேலையைத் தொடங்கியாக வேண்டும். விளம்பரதாரரின் பணமோ விழா நெருங்கும்போதுதான் வரும். இடையில் தொழிலாளர்களின் கூலியை யார் தருவது? குமார்துலியின் சிலைக் கலைஞர்கள் களிமண்ணுக்கும் வைக்கோலுக்கும் கடன் வாங்கித்தான் பருவத்தைத் தொடங்குகிறார்கள். குழு தவணையைத் தள்ளிப்போட்டால், வட்டி குழுவின் கணக்கில் ஏறுவதில்லை. விழாவுக்கு முதல் புரவலர் உண்மையில் அந்தக் கலைஞர்தான். அவர் பெயர் மட்டும் விளம்பரப் பலகையில் புரவலராக இடம்பெறுவதில்லை.

கிராமங்களிலிருந்து வரும் 'டாக்' மேளக் கலைஞர்களின் நிலை இன்னும் மோசம். பூஜைக்கு முந்தைய நாள்களில் சியால்டா ரயில் நிலையத்தின் முன் வாசித்துக் காட்டி, பேரம் பேசும் குழுவினருக்காக அவர்கள் காத்திருக்கிறார்கள். ரயில் கட்டணத்தைக் கையிலிருந்து போட்டு வந்தவரால் எவ்வளவு நேரம் பேரத்தில் நிற்க முடியும்? சென்னை மார்கழி விழாவின் பிற்பகல் கச்சேரிகளை அறிந்த தமிழர்களுக்கு இது புதிய செய்தியன்று.

தில்லியும் கொல்கத்தாவும் இந்தப் பணம் குறித்து மோதிக்கொள்ளாமல் இல்லை. 2019 ஆகஸ்டில் பூஜைக் குழுக்களுக்கு வருமான வரி நோட்டீஸ் என்று திரிணமூல் காங்கிரஸ் போராட்டம் நடத்தியது. அந்த ஆண்டில் நோட்டீஸ் ஏதும் அனுப்பப்படவில்லை என்றும், 2018 டிசம்பரில் சுமார் 30 குழுக்களிடம் ஒப்பந்ததாரர்களுக்கான தொகையில் பிடித்தம் செய்த வரி விவரம் மட்டுமே கேட்கப்பட்டது என்றும் மத்திய நேரடி வரிகள் வாரியம் விளக்கமளித்தது. பிடித்தம் பற்றித்தான் பேச்சு. தொகை உரியவரிடம் போய்ச் சேர்ந்ததா என்று இரு தரப்பும் கேட்கவில்லை.

நிதி திரட்டுவதற்கென்றே நடத்தப்படும் ஓவிய ஏலங்களிலும் இதே கதைதான். பணமாகத் தருபவருக்கு வருமான வரிச் சலுகை உண்டு. தன் ஓவியத்தையே தரும் கலைஞருக்கு, பொருளாகத் தந்தார் என்பதால், அது கிடையாது.

2025 ஆகஸ்டில் கல்கத்தா உயர் நீதிமன்றம், செலவுச் சான்றிதழ் அளிக்காத குழுக்களுக்கு அரசு நிதி கூடாது என்று உத்தரவிட்டது. கலைஞருக்கும் தொழிலாளருக்கும் பாக்கி ஏதுமில்லை என்று அவர்களே கையொப்பமிட்ட ஒரு தாளையும் அச்சான்றிதழுடன் இணைக்கச் சொல்வதற்கு அரசுக்குக் கூடுதல் செலவு எதுவும் ஆகப்போவதில்லை. விளம்பரதாரர்களும் தங்கள் முதல் தவணையை, பந்தலுக்குக் கால்கோள் நடும் 'கூட்டி பூஜை' நாளிலேயே தரலாம்.