நூறு வாட் எங்கிருந்து வரும்?

புதிதாக ஹாம் ரேடியோ உரிமம் எடுத்த பையன்கள் என்னிடம் தூக்கிக்கொண்டு வருவது பெரும்பாலும் இணையத்தில் வாங்கிய சின்ன ஆம்ப்ளிஃபயரைத்தான். கைக்கு அடக்கமான அலுமினியப் பெட்டி, மேலே '100 வாட்' என்று கொட்டை எழுத்து. ஆன்டெனாவுக்குப் பதிலாக டம்மி லோடை மாட்டி, மோர்ஸ் சாவியை அழுத்திப் பிடிக்கச் சொல்வேன். பவர் சப்ளையின் அம்மீட்டர் 5 ஆம்பியரில் நின்றுவிடும். 13.8 வோல்ட்டை 5 ஆல் பெருக்கினால் 69. உள்ளே போவதே 69 வாட்தான்! அதில் பாதி சூடாகிப் போகும். ஆன்டெனாவுக்கு 35 போனால் அதிகம்.

'அது பீக் பவர் சார்' என்பார்கள். பீக் என்பது பொய்க் கணக்கு இல்லை, எஸ்.எஸ்.பி. என்ற பேச்சு முறையில் குரலோடு சேர்ந்து பவரும் ஏறி இறங்குவதால் உச்சத்தை அளப்பதுதான் முறை. ஆனால் முழு டிரைவில் சாவியை அழுத்தியபோது வராத வாட், பேசும்போது மட்டும் எப்படி வரும்?

பெரிய எண்ணைப் போடும் ஆசை இன்று வந்ததல்ல. அமெரிக்காவில் 1983 வரை ஹாம்களுக்கான வரம்பே உள்ளே போகும் மின்சாரத்தை வைத்துத்தான் இருந்தது: 1000 வாட். கம்பெனிகளும் அதையே அச்சடித்தன. ஹீத்கிட் எஸ்.பி.-220 என்ற புகழ்பெற்ற வால்வு ஆம்ப்ளிஃபயர் பீக்கில் 2000 வாட் என்று விற்றது; வெளியே வந்தது சுமார் 1200. ஆனால் அவர்கள் அதை உள்ளீடு என்று எழுதினார்கள். இன்றைய பெட்டிகளில் அந்த ஒரு சொல்லும் இல்லை.

இந்தியாவில் தொடக்க நிலையான ரெஸ்ட்ரிக்டட் கிரேடு உரிமத்துக்கு 50 வாட்தான் வரம்பு. விற்றவன் பொய் சொன்னதால்தான் பையன் சட்டத்துக்குள் இருக்கிறான், போங்கள்!

சிரிக்க முடியாத இடமும் உண்டு. சொன்ன வாட் வரவில்லையே என்று ஆம்ப்ளிஃபயருக்குள் செலுத்தும் சிக்னலை, அதாவது டிரைவைக் கூட்டுவார்கள். சிக்னல் பக்கத்து அலைவரிசைகளில் சிதறும். ஃபில்டர் இல்லாத பெட்டியென்றால் 7 மெகாஹெர்ட்ஸில் பேசுவது 21-லும் கேட்கும். இத்தனைக்கும் 35 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் எதிர்முனையில் சிக்னலின் பலத்தைக் காட்டும் எஸ்-மீட்டரில் ஒரு புள்ளி வித்தியாசம்கூட வராது.

வீட்டு ஆடியோ ஆம்ப்ளிஃபயர்களில் இதே கூத்து முற்றியபோது, தொடர்ந்து தரும் வாட்டைச் சொல்லித்தான் விளம்பரம் செய்ய வேண்டும் என்று 1974-இல் அமெரிக்க வணிக ஆணையம் விதி போட்டது. ரேடியோ பெட்டிக்கும் அது வேண்டும். எத்தனை வோல்ட்டில், எந்த பேண்டில், எத்தனை ஆம்பியர் இழுத்து, எத்தனை வாட் வெளியே தரும் என்று எழுதாத பெட்டியை விற்பனைத் தளங்கள் பட்டியலில் ஏற்றவே கூடாது. எழுதியது வரவில்லையென்றால், வாட் மீட்டரின் படத்தைக் காட்டினாலே பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.